மிஷின் படாத முதுகு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு குறுக்குத் தெரு. மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கிய சிறிய அறை. ரப்பர் விரித்த மேசையில் ஃபாக்ஸ் டெரியர் ஒன்று நான்கு காலும் ஊன்றி நிற்கிறது. அதன் முதுகில் சாக்பீஸ் தூளைத் தேய்த்துவிட்டு, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார் நாய்களின் முடியைப் பராமரிக்கும் குரூமர். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், மற்றவற்றைவிட நீண்டு துருத்தும் நாலைந்து முடிகளை மட்டும் பற்றுகின்றன. முடி படிந்திருக்கும் திசையிலேயே ஒரு இழுப்பு. முடி விரலோடு வந்துவிடுகிறது. நாய் கொட்டாவி விடுகிறது.

முதல்முறை பார்ப்பவருக்கு மனம் பதறும். எனக்கும் பதறியது. அவர் ஒரு முடியை என் உள்ளங்கையில் வைத்தார். "அடியில ரத்தமோ ஈரமோ இருக்கா பாருங்க சார். இது செத்த முடி. விழத் தெரியாம நின்னுக்கிட்டு இருக்கு."

கம்பிமுடி டெரியர்களுக்கு இரண்டு அடுக்கு முடி. உள்ளே குட்டையான, மெத்தென்ற அடிமுடி. வெளியே விறைப்பான மேல்முடி. லாப்ரடாரின் முடி முற்றியதும் தானே கொட்டி வீடு முழுக்கப் பறக்கும். இவற்றின் மேல்முடியோ, காம்பு விட்ட பிறகும் கிளையில் தங்கிய பழம்போலத் துளையிலேயே நின்றுவிடும். முட்புதருக்குள் புகுந்து ஓடும் நாய்க்கு உராய்விலேயே ஓரளவு உதிரும். ரெயின்போ நகர் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கும் நாய்க்கு யாராவதுதான் எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் புது முடி அதே விறைப்போடும் நிறத்தோடும் முளைக்கும். முழுதாக வளர இரண்டு மூன்று மாதமாகும்.

அதே இடத்தில் முடிவெட்டும் மிஷின் ஓட்டினால் கதை வேறு. செத்த முடியின் அடித்துண்டு துளைக்குள்ளேயே கிடக்கும். முடியின் நுனிப்பக்கம்தான் நிறம் அடர்ந்திருக்கும். வெட்டும்போது போவதும் அதுதான். சில முறை வெட்டினாலே கருப்பு சாம்பலாகும், பழுப்பு வெளிறும், மெத்தென்ற அடிமுடி மேலோங்கி முதுகு பஞ்சாகிவிடும். இந்த விறைப்பு பரம்பரையாக வருவது. 2009இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, நாய்களின் முடிவகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்களைக் கொண்டு விளக்கியது. கம்பிமுடிக்கும், அதோடு சேர்ந்து வரும் மீசைக்கும் புருவக் கற்றைக்கும் காரணம் ஆர்.எஸ்.பி.ஓ.2 என்ற மரபணு.

நரியை வளையிலிருந்து கிளப்புவதற்காக இங்கிலாந்தில் உருவான இனம் ஃபாக்ஸ் டெரியர். தோள்பட்டையில் சுமார் 2 செ.மீ., முதுகில் 4 செ.மீ. என்று அதன் கம்பிமுடி வகையின் முடி நீளத்துக்கே தர அளவு உண்டு. ஏழாம் எட்வர்ட் மன்னரின் சீசர் இந்த இனம்தான். 1910 மே மாதம் லண்டனில் நடந்த மன்னரின் இறுதி ஊர்வலத்தில், வந்திருந்த அரசர்களுக்கெல்லாம் முன்னால் அது நடத்திச் செல்லப்பட்டது. பிரெஞ்சுப் புத்தகங்களோடு வளர்ந்த புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது மிலூ: 1929இல் பெல்ஜியப் பத்திரிகையில் தொடங்கிய டின்டின் சித்திரக்கதையின் வெள்ளை நாய்.

மேசை மேல் நின்ற நாயின் சொந்தக்காரர் ஒரு சொல்தா குடும்பத்து அம்மா. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். "நாயைத் துன்பப்படுத்துறாங்கன்னு என் மருமக சண்டை போட்டா, தம்பி" என்றார் குரூமரிடம். "ஒருநாள் கூட்டிட்டு வாங்கம்மா, உட்கார்ந்து பார்க்கட்டும்" என்றார் அவர், கை நிற்காமல்.

அந்தக் கை முடியை மட்டும் எடுப்பதில்லை. காது மடிப்பு, அக்குள், விரலிடுக்கு என்று போகிற வழியெல்லாம் தோலைத் தடவிக்கொண்டே போகிறது. கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சைக்கும் உண்ணிக்கும் இங்கே குறைவில்லை. பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியோசிஸ், நாயின் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்து உயிருக்கே உலை வைக்கும். மிளகளவு உப்பிய உண்ணி கண்ணுக்குத் தெரியும். எள்ளளவு குட்டியை விரல்தான் கண்டுபிடிக்கும். சந்தேகம் வந்தால் குரும்பாப்பட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லி அனுப்புகிறார். தோல் சிவந்திருந்தால் அன்று ஸ்ட்ரிப்பிங், அதாவது கையால் முடி எடுப்பது, கிடையாது. வயிறு, தொடையிடுக்கு, தொண்டை ஆகிய மென்மையான இடங்களுக்குக் கத்தரிதான். கருத்தடை செய்த சில நாய்களுக்கு முடி பஞ்சாகி வேரோடு ஒட்டிக்கொள்ளும். வலுவாக இழுத்தால் வலிக்கும். அவற்றுக்கு மிஷினே நல்லது என்று அவரே சொல்லிவிடுகிறார். எந்த நாயின் மேல் கை வைக்கக்கூடாது என்று தெரிந்திருப்பதைத்தான் இந்தத் தொழிலின் உயர்ந்த பாடமாக நான் மதிக்கிறேன்.

2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் போன்ற 11 வெளிநாட்டு இனங்களைப் பெருக்குவதற்குத் தடை விதித்தது. நம் வெயில் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது முக்கியக் காரணம். அது புதுச்சேரிக்குப் பொருந்தாது. டெரியர்கள் அந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் ஒரு இனத்தை வாங்கும்போதே அதன் உடம்பு என்ன கேட்கும் என்று விசாரிக்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை. சித்திரை பிறந்தால் போதும், "வெயிலுக்கு ஜீரோ கட் அடிச்சு விடுங்க" என்று வரிசையாக வருகிறார்கள். மேல்முடியை அடியோடு மழித்தால் வெயில் நேரே தோலில் இறங்கும் என்று குரூமர் ஒவ்வொருவரிடமும் விளக்க வேண்டியிருக்கிறது.

கூலிப் பேச்சும் இதே அறியாமையில்தான் இடறுகிறது. மிஷின் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியும். முழு ஸ்ட்ரிப்பிங் பல மணி நேரம் பிடிக்கும். நாய் சலித்தால் இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டும். கூட்டிக் கேட்டால், "முடி பிடுங்குறதுக்கா இவ்வளவு?" என்கிறார்கள். சென்னையில் கண்காட்சிக்கு நாய்களைத் தயார் செய்த ஒருவரிடம் உதவியாளாக இருந்து இவர் கற்ற வேலை இது. கட்டைவிரல் மூட்டு இரவில் வலிக்கிறது. ரப்பர் விரலுறை போட்டுக்கொண்டால் பிடி கிடைக்கும், அழுத்தம் குறையும்; வலி முழுக்கப் போவதில்லை. மேசை உயரத்தைக் கூட்டியதில் இடுப்பு பிழைத்தது. இந்தக் கூலியை நாயின் அலங்காரச் செலவாகப் பார்ப்பது தவறு. தேர்ந்த கைவினைஞரின் நேரத்துக்கும் உடம்புக்கும் தரும் விலை அது.

உதவிக்கு இருக்கும் பெண் ஸ்ட்ரிப்பிங் கத்தியைப் பழகிக்கொண்டிருந்தார். பெயர்தான் கத்தி. அதன் பற்கள் பிடிப்புக்காக, வெட்டுவதற்கல்ல. மணிக்கட்டைத் திருப்பினால் முடி அறுந்துவிடும். கை முழுவதும் நேராகப் பின்வாங்க வேண்டும். "தோளிலேர்ந்து இழும்மா, மணிக்கட்டை ஆட்டாத" என்று குரூமர் திரும்பத் திரும்பச் சொன்னார். குளிப்பாட்டிய நாயில் முடி வழுக்கும், அதனால் குளியல் கடைசியில்.

மதியம் லாஸ்பேட்டையிலிருந்து ஒரு மினியேச்சர் ஷ்னாசர் வந்தது. குட்டியிலிருந்தே மிஷின் பட்டு, முதுகு சாம்பல் பஞ்சாக இருந்தது. பழைய முடி திரும்ப வருமா என்று கேட்டார் கொண்டுவந்த இளைஞர். சில சுற்று ஆகும், மாதக்கணக்கில் பொறுக்கணும், முழுசா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன் என்றார் குரூமர். நீண்ட பேரத்துக்குப் பிறகு, முதுகுக்கு மட்டும் கை, காலுக்குக் கத்தரி என்று முடிவானது. சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் முதலில் கழுத்துக்குப் பின்னால் ஒரு விரற்கடை இடத்தில் இழுத்துப் பார்த்தார். நாய் திரும்பிப் பார்த்ததே தவிர முனகவில்லை. "சரி, அங்கேர்ந்து கீழ வா" என்றார் குரூமர்.