சந்தியாகப்பரின் வழியில்

எங்கள் ஊரின் பாதுகாவலர் புனித சந்தியாகப்பர். ஸ்பெயின் நாட்டார் ‘சந்தியாகு’ என்று அழைக்கும் திருத்தூதர் யாக்கோபுதான் அவர். அந்தப் பெயர் போர்த்துக்கீசியர் வழியாக நம் கடற்கரைக்கு வந்து, நம் நாவில் ‘அப்பர்’ ஆயிற்று. யூலை 25இல் அவர் தேர் எங்கள் தெருவில் வரும். இழுப்பதற்குத்தான் ஆள் இல்லை. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. அதை விற்க அண்ணன் ஆள் பார்த்து, அச்சாரம் வாங்கும் நிலையில் இருந்தார். 2023 மே மாதத்தில் நான் ஸ்பெயினுக்குப் புறப்பட்டபோது, “வந்ததும் பத்திரம் முடித்துவிடலாம், தம்பி” என்றே வழியனுப்பினார். நானும் சரியென்றேன்.

ஜெர்மனியில் வேலை செய்யும் மகள் உடன் வந்தாள். சந்தியாகப்பரின் கல்லறை உள்ளதாக நம்பப்படும் கொம்பொஸ்தெலா நகரை நோக்கி, அஸ்தோர்காவிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நடந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியனின் முழங்கால்கள் பட்ட பாட்டை இங்கே விவரித்து வாசகரை வருத்த மாட்டேன்.

முதல் நாள் மாலை ரபனால் என்னும் மலையடிச் சிற்றூரில் தங்கினோம். அங்குள்ள பயணியர் விடுதி, ஒரு காலத்தில் இடிந்து கிடந்த பங்கு இல்லமாம். இலண்டனில் உள்ள சந்தியாகப்பர் அன்பர் சங்கத்தாரும் அப்பகுதி ஸ்பானிய அன்பர்களும் கைகோத்துப் பழுது பார்த்து, 1991இல் அதைத் திறந்தனர். கட்டணம் கிடையாது, பெட்டியில் இயன்றதை இடலாம். தொண்டர்கள் தம் விடுமுறையைச் செலவிட்டு, மாறி மாறி வந்து பணி செய்கின்றனர். பிற்பகலில் ஆங்கிலேயர் முறைப்படி தேநீர் தந்தார்கள். நாடு கடந்து வந்து மற்றோர் ஊரின் கழிப்பறையைக் கழுவுகிறவர்களை நான் அங்கேதான் முதன்முதலில் கண்டேன். எதிரே உள்ள ஆலயத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகள் இலத்தீனில் மாலைச் செபம் பாடினர். எனக்குச் சொற்கள் புரியவில்லை. ஆயினும் திருப்பாடல் என்று தெரிந்தது.

மறுநாள் ஆறு கிலோமீட்டர் ஏறினால் ஃபொன்செபதோன். 1990களின் தொடக்கத்தில் அவ்வூரில் நிலையாக வாழ்ந்தோர் ஒரு தாயும் அவர் மகனும் மட்டுமே. மற்றவை கூரை இழந்த கல்வீடுகள். இன்று அங்கே தங்கும் விடுதிகளும் உணவகங்களும் இருக்கின்றன. ஆலயத்தின் ஒரு பகுதியிலேயே பயணிகள் உறங்குகிறார்கள். ஆயினும் எல்லா வீடுகளும் எழுந்துவிடவில்லை. புதுக்கூரையும் இடிந்த சுவரும் மாறி மாறி நிற்கின்றன. இடிந்த வீடொன்றின் வாசற்படியில் அமர்ந்து ரொட்டி தின்றேன். அந்தப் படியின் தேய்மானம் எங்கள் வீட்டுப் படியினது போலவே இருந்தது. மகளிடம் சொல்லவில்லை.

இந்த மாற்றத்தின் பின்னே பலர் உண்டு. எனினும் ஒரு பங்குத்தந்தையைச் சொல்லாமல் விடுவது நன்றி கொல்வதாகும். கலீசியாவின் நுழைவாயிலில், 1,300 மீட்டர் உயரத்தில், ஓ செப்ரெய்ரோ என்னும் ஊர் உள்ளது. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஓரியாக் மடத்துத் துறவிகளிடம் அதன் பயணியர் இல்லம் ஒப்படைக்கப்பட்டது. எல்லை தாண்டிய விருந்தோம்பல் இந்த வழிக்குப் புதிதன்று. அவ்வூர்ப் பங்குத்தந்தை எலியாஸ் வலீஞா ஆலயத்தையும் வைக்கோல் வேய்ந்த பழைய கல்வீடுகளையும் புதுப்பித்தார். மறந்துபோன பாதையை ஆராய்ந்து நூல் எழுதினார். 1984இல் தம் காரில் வண்ணத்தை ஏற்றிக்கொண்டு, வழிநெடுகப் பாறையிலும் மரத்திலும் மஞ்சள் அம்புக்குறி தீட்டினார். பிரனீஸ் மலையடியில் காவலர் மறித்து, என்ன செய்கிறீர் என்று வினவ, பிரான்சிலிருந்து வரப்போகும் பெரும் படையெடுப்புக்கு ஆயத்தம் செய்வதாக மறுமொழி கூறினாராம். 1987இல் ஐரோப்பிய மன்றம் இதைத் தன் முதல் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1989இல் தந்தை காலமானார். படையெடுப்பு பின்னரே வந்தது: 1980களின் நடுவில் ஆண்டுக்கு மிகச் சிலரே பயணச் சான்று பெற்றனர், 2024இல் ஏறத்தாழ 5 இலட்சம் பேர்.

எல்லாம் நன்மையே என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. சான்று பெறக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும் என்பதால், சார்ரியா ஊரிலிருந்து ஒரே திரள். பைகளை வண்டிகள் சுமக்கின்றன. கொம்பொஸ்தெலாவிலோ, வீடுகள் சுற்றுலாத் தங்குமிடங்களாகி வாடகை உயர்ந்துவிட்டதென ஊரார் குமுறுகின்றனர். கூட்டம் மட்டும் ஊரை வாழவைப்பதில்லை. வருகிறவன் அவ்வூரில் உண்டு உறங்க வேண்டும். அடுப்பும் கூரையும் ஊராருடையனவாய் இருக்க வேண்டும்.

இதை எண்ணும்போது எங்கள் தெருதான் நினைவுக்கு வந்தது. வேளாங்கண்ணிக்கு நடப்போர் ஆகஸ்டில் எங்கள் ஊர் வழியேதான் செல்கிறார்கள். என் சிறுவயதில் அப்பா திண்ணையில் மண்பானைகள் வைப்பார். இரவில் நாற்பது பேர்கூடப் படுத்திருப்பர். போகும்போது கருப்பட்டியும் வாழைப்பழமும் எங்கள் ஊரிலேயே வாங்குவர். இன்று அவர்களுக்கு உணவு லாரியில் வருகிறது. பிளாஸ்டிக் குவளைகள் மட்டும் எங்களிடம் தங்குகின்றன. குற்றம் அவர்களுடையதன்று. திண்ணைக்குக் கம்பிக் கதவு போட்டவர்கள் நாங்கள்தாமே.

ஓ செப்ரெய்ரோவில் அருள்தந்தையின் மார்பளவுச் சிலையருகே நின்று அண்ணனுக்குத் தொலைபேசினேன். அச்சாரம் வாங்க வேண்டாம், ஓராண்டு பொறுங்கள் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “கூரை மாற்ற யார் காசு கொடுப்பது?” என்றார். நியாயமான கேள்வி. என் ஓய்வூதியத்திலிருந்து பாதி தருவதாகச் சொன்னேன்.

கம்பிக் கதவைக் கழற்றினோம். கிணற்றைத் தூர்வாரினோம். அடுத்த ஆகஸ்டில் பதினொரு பேர் தங்கினர். பக்கத்து வீட்டு அம்மா இட்லி அவித்து விற்றார்; அவர் மகன் திருப்பூரிலிருந்து நான்கு நாள் விடுப்பில் வந்து உதவினான். அவன் திரும்பியும் போய்விட்டான். வடபுறக் கூரை இன்னும் ஒழுகுகிறது. அண்ணன் விலை பேசுவதை முற்றிலும் விடவில்லை; ஆனால் இம்முறை பானைகளை வாங்கி வந்தவர் அவர்தான்.