வலது பக்கத்து ஆளுக்காக ஒரு பித்தளைத் தகடு

பாஸ்டன் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஏப்ரலில் ஒரு தனி விடுமுறை உண்டு. 'பேட்ரியட்ஸ் டே' என்பார்கள். 1775 ஏப்ரல் 19 விடியற்காலையில் லெக்சிங்டன் ஊர்த் திடலில் பிரிட்டிஷ் படையும் ஊர்க்காரர்களும் மோதினார்கள். ஊர்க்காரர்கள் 8 பேர் இறந்தார்கள். அமெரிக்க சுதந்திரப் போர் அன்றுதான் தொடங்கியது. முதலில் சுட்டது யார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. வருடா வருடம் அதே திடலில், விடியற்காலையிலேயே அதை நடித்துக் காட்டுகிறார்கள்.

சின்ன வயதில் அதைத் தூக்கக் கலக்கத்தோடு பார்த்த என் மகன், இப்போது கல்லூரி மாணவன். பழைய போர்களை நடித்துக் காட்டும் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறான். போன குளிர்காலத்தில் அவனுக்கென்று ஒரு துப்பாக்கி வந்தது. 'பிரவுன் பெஸ்' என்ற பிரிட்டிஷ் மஸ்கட்டின் நகல். பெயர்தான் நகல், மருந்து போட்டால் நிஜமாகவே வெடிக்கும். பழைய துணியை விரித்து அதைச் சாப்பாட்டு மேஜையில் கிடத்தியபோது எனக்கு அடிவயிறு கலங்கியது.

"குண்டே போட மாட்டோம்மா. வெறும் மருந்துதான்."

"தீபாவளிக்கும் வெறும் மருந்துதான்டா. அதுலதான் கையும் கண்ணும் போகுது."

சிரித்துக்கொண்டே அது எப்படி வெடிக்கிறது என்று காட்டினான். விசையை அழுத்தினால், சுத்தியலின் வாயில் கவ்வியிருக்கும் சிக்கிமுக்கிக் கல் எதிரே உள்ள எஃகுத் தகட்டில் உரசும். பொறி கீழே சின்னக் கிண்ணியில் இருக்கும் கருமருந்தில் விழும். கிண்ணியின் தீ, குழாயின் பக்கவாட்டுத் துளை வழியாக உள்ளே பாய, 'டமார்!'

அந்த ஒரு நொடியில், கிண்ணியிலிருந்தும் துளையிலிருந்தும் நெருப்பு வெளியேயும் சீறும். எல்லாம் துப்பாக்கியின் வலது பக்கத்தில். வரிசையில் தோளோடு தோள் உரசி நிற்கும்போது, அங்கே இருப்பது அடுத்தவரின் முகம்.

அதற்குத்தான் இரண்டு பாகங்கள் வாங்கியிருந்தான். ஒன்று 'ஃபிளாஷ் கார்டு'. கிண்ணியைச் சுற்றி நின்று தீயைத் தடுத்து மேலே திருப்பும் பித்தளைத் தகடு. இன்னொன்று 'ஹேமர்ஸ்டால்'. எஃகுத் தகட்டின் மேல் மாட்டும் தோல் உறை. அது இருக்கும்வரை, விசை தவறி அழுந்தினாலும் கல் எஃகில் படாது; பொறியும் வராது. தொலைந்துபோகாமல் இருக்க அதை ஒரு தோல் வாரால் துப்பாக்கியோடு கட்டிவிடுகிறார்கள்.

பார்த்தால் பத்து நிமிட வேலை. அவனுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் பிடித்தது. பித்தளை ஒரு நூல் தள்ளி உட்கார்ந்தாலும் எஃகுத் தகடு திறக்கும்போது இடிக்கும். கழற்றுவான், அரத்தால் லேசாக ராவுவான், மறுபடி மாட்டுவான். சட்டைப் பித்தானின் காஜாவைக்கூட அந்தக் காலம் போலவே கையால் தைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இவர்கள். தோல் உறை அன்றைய சிப்பாய்களிடமும் இருந்தது. இந்தப் பித்தளைத் தடுப்பு, நடிப்பவர்களுக்காக இந்தக் காலத்தில் சேர்த்தது. தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும்.

"இவ்வளவு அசலா பண்றீங்க, இது மட்டும் ஒட்டலையே?" என்று கேட்டேன்.

"அசலா இருக்கணும்னு யார் கண்ணையாவது எடுக்க முடியுமாம்மா? இது இல்லாம வரிசையில நிக்கவே விட மாட்டாங்க."

"சரி, உன் கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"இது எனக்கு இல்லம்மா. எனக்கு வலது பக்கம் நிக்கிறவருக்கு."

"அப்போ உனக்கு?"

"எனக்கு இடது பக்கம் நிக்கிறவர் மாட்டியிருப்பார்."

அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் திருகை முடுக்கப் போய்விட்டான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. ஹெல்மெட் போடு, சீட் பெல்ட் போடு என்று இத்தனை வருடம் அவனுக்குச் சொன்னதெல்லாம் அவனுக்காக. இதில் அவன் எவ்வளவு கவனமாக இருந்தாலும், அவன் முகத்துக்கு இன்னொருவரின் கவனம்தான் காவல். எனக்குப் பயமும் அதுதான், ஆறுதலும் அதுதான்.

வசந்தத்தில் முதல் பயிற்சிக்கு நானும் போனேன். மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை ஃபோட்டோ எடுத்தார்கள். என் கண் முதலில் தேடியது என் பிள்ளையின் இடது பக்கத்தை. நரைத்த தாடியோடு ஒரு பெரியவர். அவர் துப்பாக்கியில் பித்தளை பளபளத்தது.

இடைவேளையில் முதல் கப் காபியை அவருக்குத்தான் கொடுத்தேன்.