உட்கார்ந்திருப்பதற்குக் கூலி

மானிடவியல் படித்தால் காசு வருமா என்று கேட்பவர்களுக்கு நான் சுற்றி வளைக்காமல் சொல்லும் பதில்: வரும், ஆனால் மானிடவியலர் என்ற பெயரில் வராது. எம்.ஏ. முடித்து, கள ஆய்வை நம்பிப் பிழைக்கும் எனக்கு ஒப்பந்தங்களில் கிடைத்த பெயர்கள் இவை: கள ஒருங்கிணைப்பாளர், சமூக வல்லுநர், ஆவணப் பொறுப்பாளர், யூசர் ரிசர்ச்சர். வேலை ஒன்றுதான். பெயரும் கூலியும்தான் மாறிக்கொண்டே இருந்தன.

படிப்பின் பெயரோடு வரும் வேலைகள் குறைவு. ஆந்த்ரபாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியா 1945இல் தொடங்கியது. தலைமையகம் கொல்கத்தாவில், தென்மண்டல மையம் மைசூரில். அங்கே பணியிடம் அறிவிப்பார்களா என்று காத்திருந்தே வயது வரம்பைத் தாண்டியவர்கள் உண்டு. ஆசிரியப் பணி என்றால் நெட் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதிலேயே ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, பிஎச்.டி. ஆண்டுகளை அதில் ஓட்டிவிடலாம். அதற்குப் பிறகுதான் சிக்கல். தமிழ்நாட்டில் மானிடவியல் துறை உள்ள கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் மானிடவியல் நல்ல மவுசுள்ள விருப்பப் பாடம். இரண்டு தாள், 500 மதிப்பெண். எடுப்பவர்களில் பொறியியல் படித்தவர்கள் ஏராளம். பாடத்தால் அவர்களுக்குக் கலெக்டர் வேலை கிடைக்கிறது. பட்டம் வாங்கியவர் அந்தக் கலெக்டர் அலுவலகத்தில் சர்வே அனுமதிக்கு மனுவோடு நிற்கிறார்.

எங்களில் பெரும்பாலோர் வயிறு வளர்ப்பது தொண்டு நிறுவனங்களிலும் கன்சல்டன்சிகளிலும்தான். அங்கே நடப்பதைச் சொன்னால் இந்தப் படிப்பின் கணக்கு புரியும்.

திருவள்ளூர் பக்கம் ஓர் இருளர் குடியிருப்பு. படிவத்தில் ‘மாத வருமானம்’ என்று ஒரு கட்டம்.

“மாசம் எவ்வளவுக்கா வரும்?”

“எந்த மாசம் சார்?”

நியாயமான கேள்வி. நூறு நாள் வேலை நடக்கும் மாதம் வேறு, அறுப்பு மாதம் வேறு, மழையில் அடுப்பே எரியாத மாதம் வேறு. கட்டத்தில் ஏதோ ஓர் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால் அன்றைய டார்கெட் முடியும். நான் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேச்சு பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்குப் போனது. வயல் எலிக்குப் போனது. ஒழுகும் கூரைக்குப் போனது. கடைசியில்தான் வீட்டுக்காரர் ஏன் ஊரில் இல்லை என்பது வந்தது. அரிசி ஆலையில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். அது கழியும்வரை அங்கிருந்து கிளம்ப முடியாது. 1976இலேயே சட்டம் ஒழித்துவிட்ட கொத்தடிமை முறை! அந்த வீட்டின் வரவு செலவைத் தீர்மானிப்பது அந்தக் கடன்தான். படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

இதைத் தெரிந்துகொள்ள எந்தக் கோட்பாடும் உதவவில்லை. எழுந்து போகாமல் இருந்ததுதான் உதவியது. எங்கள் கையில் இருக்கும் சரக்கு இதுதான். விலை போகாததும் இதுதான். கூலி நிரப்பிய படிவத்துக்கு, உட்கார்ந்த நேரத்துக்கு அல்ல.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எங்களுக்கு அது ஒரு புதிய பிழைப்பு. ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் பட்ஜெட் இறுக்கும்போது முதலில் வெட்டு விழுவது களத்தில் தங்கும் நாட்களில்தான். அறிக்கையின் பக்கங்கள் மட்டும் குறைவதில்லை.

கம்பெனிகளில் காசு கூடுதல். ஸெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியலர், நகல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுபவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். பயன்படுத்துபவர் என்ன செய்வார் என்று இயந்திரம் போட்டுவைத்த கணக்குக்கும் அவர் நிஜத்தில் செய்வதற்கும் உள்ள இடைவெளியை 1987இல் வந்த சச்மனின் நூல் காட்டியது. 1998இல் ஜெனிவீவ் பெல் என்ற இன்னொரு மானிடவியலர் இன்டெலில் சேர்ந்தார். அந்த வழியில் வந்த வேலைகள் இன்று பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கின்றன. ஆனால் டிசைன், உளவியல், எம்.பி.ஏ. படித்தவர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள். வேலையிலும் பயனர் பேட்டிக்கு ஒருவருக்கு ஒரு மணி நேரம், அதுவும் பல நேரம் வீடியோ காலில். சம்பளம் ஏற ஏறக் களம் தேய்கிறது. என் அனுபவத்தில் இதற்கு விலக்குகள் குறைவு.

ஆகவே சேர நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைகள். அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் படிப்பதென்றால் தாராளமாகப் படியுங்கள். லட்சக்கணக்கில் கடன் வாங்கி வெளிநாட்டில் படிப்பதென்றால், மாதத் தவணையை முதலில் கணக்குப் போடுங்கள். வீட்டில் உடனே சம்பளம் தேவை என்றால் இந்தப் படிப்பு காக்க வைக்கும். கூடவே புள்ளியியல் மென்பொருள் ஒன்று, பிழையில்லாமல் ஆங்கில அறிக்கை எழுதும் பழக்கம், இன்னொரு தென்னிந்திய மொழி. முதல் வேலையை வாங்கித் தருவது இந்த மூன்றும்தான். அதில் நிலைத்து நிற்கவைப்பது, படிவம் கேட்காததைக் கேட்டுக்கொண்டு வரும் திறமை.

தனியாக ஒப்பந்தம் எடுக்கும் நிலைக்கு வந்ததும், மதிப்பீட்டில் களத்தில் தங்கும் நாட்களைத் தனி வரியாக எழுதி எதிரே தொகையைப் போடுங்கள். ‘இதர செலவு’க்குள் சொருகினால் அது முதல் பேச்சிலேயே காணாமல் போகும். உட்கார்ந்திருப்பதும் வேலைதான். அதற்குக் காசு கேட்க நாமே கூச்சப்பட்டால், தானாக யார் தரப்போகிறார்கள்?