ஒட்டகம் போன தடம்

அப்பத்தாவுக்கு எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வராது. ஆனாலும் நான் படித்த துப்பறியும் நாவல்கள் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. மானாமதுரைக்குக் கிழக்கே எங்கள் ஊர். பள்ளி விடுமுறைக்குப் போகும்போது டவுனில் வாடகை நூலகத்திலிருந்து ஏழெட்டு தமிழ்வாணன் நாவல்களைப் பையில் அமுக்கிக்கொண்டு போவேன். பகலில் படிப்பேன். ராத்திரி திண்ணையில் அவளுக்குக் கதையாகச் சொல்வேன்.

ஒருநாள் சங்கர்லால் கதை ஒன்று. சங்கர்லால் தேநீர் குடிக்கிறார், கண்ணை மூடி யோசிக்கிறார், குற்றவாளி அகப்பட்டுவிடுகிறான். அப்பத்தா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்: "அது எப்படிடா, டீயக் குடிச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு? தடம் பாத்தாரா, ஆள விசாரிச்சாரா?"

எனக்குப் பதில் வரவில்லை.

"இதுக்கு அந்த ஒட்டகக் கதையே தேவல" என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்பை எடுத்தாள்.

ஒட்டகக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். வியாபாரி ஒருவனின் ஒட்டகம் காணாமல் போகிறது. எதிரே வந்த நான்கு வழிப்போக்கர்களிடம் கேட்கிறான். ஒட்டகத்துக்கு ஒரு கால் நொண்டியா என்கிறான் முதலாமவன். ஒரு கண் குருடா என்கிறான் அடுத்தவன். வால் குட்டையா, வயிற்றுவலியா என்று மற்ற இருவரும் கேட்கிறார்கள். இவ்வளவு தெரிந்தவர்கள்தான் திருடியிருக்க வேண்டும் என்று வியாபாரி அரசனிடம் இழுத்துப் போகிறான். அவர்கள் ஒட்டகத்தைப் பார்த்ததே இல்லை. பாதையில் மூன்று காலின் தடம்தான் நன்றாகப் பதிந்திருந்தது. தழை ஒரு பக்கத்தில் மட்டும் மேயப்பட்டிருந்தது. வழியெல்லாம் ரத்தச் சொட்டு, கடித்த பூச்சியை விரட்ட வால் எட்டவில்லை. முன்காலின் தடம் ஆழம், பின்காலின் தடம் லேசு. வயிற்றை எக்கிக்கொண்டு நடந்தால் அப்படித்தான் விழும். அரசன் நால்வரையும் அமைச்சர்களாக வைத்துக்கொள்கிறான்.

அப்பத்தா இந்தக் கதையைத் திண்ணைத் தூசியில் விரலால் தடம் போட்டுக் காட்டித்தான் சொல்வாள். அவள் ஒட்டகத்தைக் கண்ணால் பார்த்திருக்க வழியில்லை. எங்கள் செவலைக்காளையின் குளம்பைத்தான் போடுவாள்.

அப்புறம் நாற்பது வருஷம் நான் நல்ல துப்பறியும் கதையையும் மோசமான கதையையும் பிரித்தது அவள் கேட்ட அந்தக் கேள்வியை வைத்துத்தான். தடம் என் கண்ணெதிரே கிடந்ததா? கிடந்தும் நான் பார்க்காமல் விட்டேனா? அப்படியென்றால் எழுத்தாளருக்கு ஒரு கும்பிடு. தடத்தைத் தன் சட்டைப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தில் எடுத்து நீட்டினால், வாடகை தண்டம். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். கதாநாயகன் கண்டெடுக்கும் எந்தத் தடயத்தையும் வாசகனுக்கு மறைக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. அதைப் படித்தபோது, இந்தப் பாதிரியார் எங்கள் திண்ணைக்கு எப்போது வந்தார் என்றுதான் தோன்றியது.

இந்த அளவுகோலை வைத்தால் எனக்குப் பிடித்த பலர் தேற மாட்டார்கள். ராஜேஷ்குமார் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டிக் கடைசியில் முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சு விழும் இடத்தில் எனக்கு இன்றும் புல்லரிக்கும், ஆனால் அது துப்பறிதல் அல்ல, தச்சுவேலை. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலாவை சுசீலாவின் பனியன் வாசகத்துக்காகவே படித்தவர்களில் நானும் ஒருவன். சுஜாதாவிடம் தடம் இருக்கும். கணேஷும் வசந்தும் பேசும் பேச்சில் மயங்கி அதை நாம்தான் தாண்டிப் போய்விடுவோம். 'கொலையுதிர் காலம்' மட்டும் விதிவிலக்கு. பேயா விஞ்ஞானமா என்று கடைசிவரை ஊசலாட விட்டுவிட்டு, அந்த ஊசலை அவர் நிறுத்தவே இல்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பத்தா இருந்திருந்தால் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து எறிந்திருப்பாள்.

ஓய்வு பெற்ற பிறகு வேறு வேலை இல்லாமல் இந்த ஒட்டகம் எங்கிருந்து கிளம்பியது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

பின்னோக்கிப் போவது முதலில் சுலபமாகவே இருந்தது. 1887இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலிலேயே ஹோம்ஸ் தனக்கு முந்தைய இரண்டு பேரை மட்டம் தட்டுகிறார். ஒருவர் பிரெஞ்சுக்காரர் காபோரியோவின் லெகாக், இன்னொருவர் எட்கர் ஆலன் போவின் துப்பின். திட்டுவதற்காகவாவது முன்னோரின் பெயரைச் சொல்லும் அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். துப்பின் வருவது 1841இல் பிலடெல்பியாவின் கிரஹாம்ஸ் பத்திரிகையில் வெளியான 'ரூ மோர்க் கொலைகள்' கதையில். துப்பறியும் கதைக்கு அதுதான் பிறந்த தேதி என்பார்கள். அதில் கொலை செய்தது யார் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், என்னைக் கேட்டால் அதுதான் கதையின் குறையும்.

நடுவில் ஹோம்ஸ் கதை ஒன்றில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் போனது. 1904இல் வந்த 'பிரையரி பள்ளி'. சதுப்புநிலத்தில் குதிரைத் தடமே இல்லை, மாட்டுத் தடம்தான் இருக்கிறது. குதிரைக்கு மாட்டுக் குளம்பு வடிவில் லாடம் அடித்து ஓட்டிப் போயிருக்கிறார்கள். ஹோம்ஸ் அதை எப்படிக் கண்டார் என்றால், அந்த மாடு நடந்திருக்கிறது, ஓடியிருக்கிறது, நாலுகால் பாய்ச்சலிலும் போயிருக்கிறது. எந்த ஊர் மாடு ஐயா அப்படிப் போகும்? மாட்டை லாயத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இது பெரிய கண்டுபிடிப்பு. எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற பையன் பார்த்த மாத்திரத்தில் சிரித்திருப்பான்.

போவுக்கு முன்னால் தடம் வோல்டேரிடம் போகிறது. 1748இல் வந்த அவருடைய 'ஸாதிக்'கில் பாபிலோன் நாட்டு இளைஞன் ஒருவன், அரசியின் காணாமற்போன நாயைப் பார்க்காமலே அது பெட்டை, குட்டி போட்டது, ஒரு காலைத் தாங்கி நடப்பது, காது நீளம் என்று மணலைப் பார்த்துச் சொல்கிறான். அரசனின் குதிரையைப் பற்றியும் அப்படியே. அதற்காக அவனுக்கு அமைச்சர் பதவி கிடைக்கவில்லை. சவுக்கடியும் நாடுகடத்தலும் தீர்ப்பாகிறது. பிறகு நாய் கிடைத்துவிட்டதால் தண்டனை அபராதமாகக் குறைகிறது. அடுத்த முறை, தப்பியோடும் கைதி ஒருவன் தன் ஜன்னலுக்குக் கீழே போவதைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்ததற்காக மறுபடி அபராதம். வோல்டேர் போலீஸ் ஸ்டேஷன் வாசல் மிதித்தவர் என்பது இந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அவர் இதை எடுத்தது எங்கிருந்து? 1557இல் வெனிஸ் நகரத்தில் இத்தாலிய மொழியில் ஒரு கதைப் புத்தகம் வந்தது. பாரசீகத்திலிருந்து பெயர்த்தது என்று அதுவே சொல்லிக்கொள்கிறது. பிறகு அது பிரெஞ்சுக்கும் போனது. கதையில் மூன்று இளவரசர்கள் ஒட்டகத் தடம் பார்க்கிறார்கள். ஒரு கண் குருடு, ஒரு பல் இல்லை, ஒரு கால் நொண்டி. ஒரு பக்கம் வெண்ணெய், ஒரு பக்கம் தேன் சுமந்து போனது. பாதையின் ஒரு ஓரம் எறும்பு, மறு ஓரம் ஈ. அந்த இளவரசர்கள் செரெண்டிப் நாட்டவர்கள். செரெண்டிப் என்றால் இலங்கை, அரபு மாலுமிகள் வைத்த பெயர். இந்த இளவரசர்களை அதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே தில்லியில் இருந்துகொண்டு அமீர் குஸ்ரோ பாரசீகத்தில் பாடிவிட்டார்.

என் அப்பத்தாவின் திண்ணையில் கிளம்பி லண்டன், பாரிஸ், வெனிஸ், தில்லி எல்லாம் சுற்றி ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறேன். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கதை, இலங்கைக் கதை என்று கொடி பிடிக்க வழியில்லை. யூதர்களின் தால்மூதில், குஸ்ரோவுக்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே, ஒற்றைக்கண் ஒட்டகமும் அதன் மேல் திராட்சை மதுவும் எண்ணெயும் போகின்றன. பாலைவனத்தில் பிறந்த கதையாகத்தான் இருக்க வேண்டும். நம் ஊருக்கு வந்த பிறகும் யாரும் ஒட்டகத்தை மாடாக மாற்றவில்லை என்பதே அதற்குச் சாட்சி.

இங்கே சாம்புவைப் பற்றி ஒரு வார்த்தை. 1754இல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் இந்தச் செரெண்டிப் கதையை நினைத்து 'செரண்டிப்பிட்டி' என்ற சொல்லை உண்டாக்கினார். தேடாத ஒன்று தற்செயலாகவும் கொஞ்சம் கூர்மையாலும் கையில் கிடைப்பது. கதையைச் சரியாக ஞாபகம் வைக்காமல் ஒட்டகத்தைக் கோவேறு கழுதை ஆக்கிவிட்டார், அது போகட்டும். அந்த இளவரசர்களிடம் தற்செயல் என்று என்ன இருக்கிறது? அவர்கள் பார்த்தார்கள், யோசித்தார்கள், சொன்னார்கள். வால்போலின் சொல்லுக்கு உண்மையிலேயே பொருந்துகிற ஒரே ஆள் 1940களில் தேவன் ஆனந்த விகடனில் எழுதிய துப்பறியும் சாம்புதான். சாம்பு தடம் பார்ப்பதில்லை, தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். தேவன் துப்பறியும் கதையைக் கிண்டல் செய்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. டீ குடித்துக் கண்டுபிடிப்பதைவிட தடுக்கி விழுந்து கண்டுபிடிப்பது நேர்மையானது.

தமிழில் இந்தக் கதை எழுத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அளகேசன் கதையில். அளகாபுரி ராஜாவும் நான்கு மந்திரிகளும். 1880களின் கடைசியில் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டு போனவர் பண்டித ச. ம. நடேச சாஸ்திரி. 1859இல் பிறந்தவர், தொல்லியல் துறையில் கல்வெட்டு படித்தவர், தென்னிந்திய நாட்டார் கதைகளை வரிசையாக ஆங்கிலத்தில் தந்தவர். இந்த விவரத்தை நோட்டில் குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். தமிழில் முதல் துப்பறியும் நூல் எது என்பது அடுத்த வேலை.

ஆரணி குப்புசாமி முதலியார், 'ராஜாம்பாள்' எழுதிய ஜே. ஆர். ரங்கராஜு, 'கும்பகோணம் வக்கீல் அல்லது திகம்பர சாமியார்' எழுதிய வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று எனக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் இருபதாம் நூற்றாண்டோடு நின்றன. ரெய்னால்ட்ஸ் என்ற ஆங்கிலேயரின் மர்மக் கதைகள் அந்தக் காலத்தில் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. மறைமலையடிகளே அவர் கதை ஒன்றை 1911இல் 'குமுதவல்லி' ஆக்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இவர்களுக்கெல்லாம் முன்னால், 1894இல், ஒரு புத்தகம் நிற்கிறது. தலைப்பு: 'தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்'. எழுதியவர் பெயரைப் பார்த்துவிட்டு என் பழைய நோட்டை எடுத்துப் புரட்டினேன். ச. ம. நடேச சாஸ்திரி.

ஒரே ஆள்தான். அளகேசன் ஒட்டகத்தை இங்கிருந்து ஆங்கிலத்துக்கு ஓட்டிப் போனவரே, ஐந்தாறு வருஷத்தில் துப்பறியும் கதையைத் தமிழுக்கு ஓட்டி வந்திருக்கிறார். தலைப்பில் 'போலீஸ் நிபுணன்' என்று இருக்கிறது, 'துப்பறியும்' இல்லை. தானவன் என்றால் அசுரன். போலீஸ்காரனுக்கு யாராவது அசுரன் என்று பெயர் வைப்பார்களா? அன்று லண்டனில் பிரஸ்டன் மடக் என்பவர் 'டிக் டொனவான்' என்ற துப்பறிவாளரை வைத்து எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார், ஹோம்ஸ் வந்த ஸ்ட்ராண்ட் பத்திரிகையிலும் 1892இல் அந்தக் கதைகள் வந்தன. டொனவான், தானவன். வாய்விட்டு இரண்டு தரம் சொல்லிப் பாருங்கள். இது என் ஊகம்தான். தடம் பார்த்துச் சொல்கிறேன், ஒட்டகத்தைப் பார்க்கவில்லை.

மிச்சம் இருந்தது 'துப்பு' என்ற சொல். வள்ளுவர் மழையைப் பாடும்போது அதற்கு உணவு என்று பொருள். பழம்பாட்டில் வலிமை, பவளம். ஊர்ப்பேச்சில் துப்புக்கெட்டவன் என்றால் கையாலாகாதவன். அது தடயம் என்று ஆனது எப்படியோ, எங்கள் பக்கம் அந்தச் சொல் நாவலில் இருந்து வரவில்லை, மாட்டுத் திருட்டில் இருந்து வந்தது. 1906இல் வெளியான மதுரை மாவட்ட கெசட்டியரில் பிரான்சிஸ் துரை எழுதியிருக்கிறார். மாடு களவு போனால் போலீசுக்குப் போவதில்லை. 'துப்புக்கூலி' என்று ஒரு தொகையைப் பேசிக் கொடுத்தால் மாடு திரும்பி வரும்.

அதைப் படித்த அன்றுதான் அப்பத்தா சொன்ன இன்னொரு கதை ஞாபகம் வந்தது. கதை என்று அவள் சொன்னதில்லை. அவளுக்குக் கல்யாணமாவதற்கு முந்தின வருஷம் அவள் ஐயாவின் உழவுமாடு இரண்டும் ராத்திரியோடு ராத்திரியாகப் போயின. மூன்றாம் நாள் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், துப்புக்கூலி இவ்வளவு ஆகும் என்றார். நகை அடகுக்குப் போனது. மறுநாள் விடியலில் கண்மாய்க் கரையில் கருவேல மரத்தில் இரண்டும் கட்டிக் கிடந்தன.

"தடம் இல்லையா அப்பத்தா?" என்று கேட்டேன்.

"ஆவாரங்கொப்ப வச்சுப் பெருக்கியிருந்தான்டா. பெருக்குன கோடு கெழக்க ஊர் வரைக்கும் போயிருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எங்க ஐயா மாட்ட அவுத்துக்கிட்டு மேக்க பாத்து நடந்தாக."