ஆறிய பின்னும் தங்குவது

தடித்த கண்ணாடிக் குவளையில் கொதிநீரை ஊற்றினால், சில வேளைகளில் அது விரிசல் கண்டுவிடும். உட்புறம் உடனே சூடேறி விரிய முயலும். வெளிப்புறமோ இன்னும் குளிர்ந்தே இருக்கும். ஒன்று விரிய, மற்றொன்று தடுக்க, இடையில் உண்டாகும் இழுபறியே வெப்பத் தகைவு.

உலோகத்திலும் இந்த இழுபறி உண்டு என்பதை, விமான இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் என் தம்பி மூலமே அறிந்தேன். இயந்திரத்தின் சுழலித் தகடுகள் கடும் வெப்பத்தைத் தாங்குவதற்காக, அவற்றில் காற்றுச் செல்லும் நுண்துளைகள் இடப்படுகின்றன. அவற்றுள் பல, லேசர் ஒளித்துடிப்புகளால் இடப்படுபவை.

லேசர்த் துடிப்பு மிகக் குறுகியதாகவும் இருக்கலாம். ஒரு வினாடியை நூறு கோடிப் பகுதிகளாக்கினால், அவற்றுள் ஒன்று ஒரு நானோவினாடி. பத்து நானோவினாடி நீடிக்கும் துடிப்பின் வெப்பம், எஃகினுள் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் ஆழமே செல்லும். மேற்பரப்பு உருகும் நிலையை எட்டினாலும் அடிப்பகுதி குளிர்ந்தே இருக்கும்.

ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியின் வெப்பநிலையை 100 பாகை செல்சியஸ் உயர்த்தினால், அது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும். நீளவிடாமல் இறுகப் பிடித்தாலோ, சாதாரண எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லையை அதன் தகைவு நெருங்கிவிடும். லேசர் பட்ட மேற்பரப்பின் நிலையும் இதுவே. விரிய இடமின்றி அது நசுங்குகிறது. ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது, அடிப்பகுதி விடுவதில்லை. சூடு தணிந்த பின்னும் இழுவிசை உள்ளேயே தங்கிவிடுகிறது. நுண்விரிசல்கள் பிறப்பதற்கு அது போதும்.

"கண்ணுக்குத் தெரியாத விரிசலைத்தான் அண்ணா, நாங்கள் அதிகம் தேடுகிறோம். மேலே ஏறியபின் இறங்கிப் பார்க்க முடியாதே" என்றான் தம்பி. வானில் பறப்போரின் உயிர் அந்தத் தேடலை நம்பியிருக்கிறது.

பாடத்திட்டம் வகுக்கும் பணியில் இருக்கும் எனக்கு, அவன் சொன்னது வேறொன்றையும் உணர்த்தியது. உலோகத்தைப் பிளப்பது சூடு மட்டுமன்று. அது பரவ நேரம் தராத வேகமும்தான். ஒரே தவணைக்குள் எத்தனை பாடங்களைச் சேர்க்கலாம் என்று கணக்கிடும்போதெல்லாம், கற்றது மாணவர் உள்ளத்தில் இறங்க எத்தனை நாள் தந்திருக்கிறோம் என்பதையும் இப்போது எண்ணிப் பார்க்கிறேன். தேர்வு முடிந்துவிடும், அது விட்டுச்செல்லும் அழுத்தம் மதிப்பெண் பட்டியலில் தெரியாது.