வெள்ளைக் கோடு போட்டால் நோய் ஓடுமா?

அரகண்டநல்லூரிலிருந்து பாலத்தில் ஏறித் தென்பெண்ணையைக் கடந்தால் திருக்கோவிலூர். கோடையில் மணலும் நாணலுமாகக் கிடக்கிற ஆறு. கீழையூர் வீரட்டேஸ்வரர் கோயிலருகே ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றைப் பார்க்க வருகிறவர்கள், அந்த நாளில் செருப்பு நனையாமல் போய் வந்துவிடலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் அதே ஆறு வேறு முகம் காட்டியது. ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டு, கரையோர ஊர்களிலும் வயல்களிலும் வெள்ளம் புகுந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு எந்த ஊருக்குப் போனாலும் ஒரு காட்சி தவறாது. சாக்கடை ஓரமாக நீளும் வெள்ளைக் கோடு. சுண்ணாம்பு கலந்த பிளீச்சிங் பவுடர். அதைப் பார்த்தால் ஜனங்களுக்கு ஒரு நிம்மதி; நிர்வாகத்துக்கும் வேலை நடந்ததற்கு அடையாளம்.

ஆனால் சேற்றிலும் குப்பையிலும் விழுந்த பவுடரின் குளோரின், அந்த அழுக்கோடு சேர்ந்தே தீர்ந்துபோகிறது. கிருமிக்கு மிஞ்சுவது சொற்பம். கொரோனா காலத்தில் தெருத்தெருவாக மருந்தடித்தபோது, 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இதே காரணத்தைச் சொல்லித்தான் அது வேண்டாம் என்றது.

பனி கொட்டும் நாடுகளிலும் உள்ளாட்சிகள் சாலையில் வெள்ளையாக ஒன்றைத் தூவுகின்றன. அது உப்பு. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன். அங்கே உப்பு பனிக்கட்டியை உருக்குகிறது, விபத்தைத் தடுக்கிறது. செலவுக்குப் பலன் உண்டு. ஆனாலும் கரைந்த உப்பு கிணற்றிலும் ஏரியிலும் சேருவதைப் பார்த்து, கனடா 2004-ல் இதற்கென நெறிமுறையே வகுத்தது. உப்பைக் கூரைக்கடியில் வை, அளந்து தூவு என்பதுதான் அதன் சாரம். நம் ஊர் பிளீச்சிங் மூட்டைக்கும் இந்த இரண்டும் அப்படியே பொருந்தும்.

புதுப் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். வாய் திறந்த மூட்டையில் ஈரமும் வெயிலும் பட்டால் சத்து போய்விடும். மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்புக்குச் சமம். மூட்டை வாங்கும்போதே இதைப் பார்த்துக் கேட்க வார்டு உறுப்பினருக்கும் உரிமை உண்டு, ஊர்க்காரருக்கும் உண்டு.

பவுடர் போக வேண்டிய இடம் மேல்நிலைத் தொட்டியும் குடிநீர்க் கிணறும்தான். வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைக்க வேண்டும். சுற்றிலும் மண் ஊறியிருக்கும்போது ஒரே மூச்சில் மோட்டார் போட்டு வற்றவைத்தால் சுவர் உள்ளே சரியும். விட்டு விட்டு இறைப்பதே நல்லது. தெளிந்த தண்ணீர் ஊறிய பிறகு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் போதும். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் இருக்கும். அதற்கு 24 கிராம், அதாவது ஒரு கைப்பிடிகூட இல்லை! ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்தால் லேசான குளோரின் வாசம் வர வேண்டும். வரவில்லையென்றால் இன்னொரு முறை போடலாம். மீன் குட்டை பக்கம் மட்டும் இந்த வாளியைக் கொண்டுபோகக் கூடாது; மீன் செத்து மிதக்கும்.

பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டுவதும் தவறு. வாளியில் கூழாகக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் கிணற்றில் இறக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் விட்டால் தண்ணீரின் கடினத்தன்மை கூடும். தெருவோரக் கோட்டுக்கு வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம்.