கடைசிப் படியில் நழுவும் மனம்

பழைய ஏடிஎம் இயந்திரங்கள் பலவற்றில் முதலில் பணம் வரும்; கார்டு அதன்பிறகுதான் வெளியே வரும். பணத்தை எண்ணிக்கொண்டே கார்டை விட்டுச் சென்றவர்கள் ஏராளம். கார்டை எடுத்தால்தான் பணம் வரும் என்று வரிசையை மாற்றியதும் அந்த மறதி வெகுவாகக் குறைந்தது. அதற்குள் மக்களின் கவனம் ஒன்றும் கூடிவிடவில்லை. மனம் இயங்கும் விதத்துக்கு இயந்திரம் இணங்கியது, அவ்வளவுதான். திரையையும் பொத்தானையும் வடிவமைப்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இந்த இணக்கத்தைத்தான்.

ஒரு காரியத்தில் இறங்கும்போது மனம் இறுகப் பிடித்துக்கொள்வது அதன் நோக்கத்தை. நோக்கம் கைகூடிய கணத்தில் பிடி தளர்கிறது. அதன்பின் எஞ்சியிருக்கும் சில்லறை வேலைகளும் சேர்ந்து நழுவிவிடுகின்றன. நகலை எடுத்துக்கொண்டு, மூலப் பத்திரத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தின் கண்ணாடியிலேயே விட்டுவருவதும் இந்த வகைதான். மைக்கேல் பைர்ன், சூசன் போவேர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதை உற்றுப் பார்த்தது. தற்காலிக நினைவின் மேல் சுமை ஏறும்போது, செய்முறையை நன்கு அறிந்தவர்களும் கடைசிப் படியைத் தவறவிடுகிறார்கள் என்று அது காட்டியது. ஆகவே இதை அறியாமை என்று சொல்ல முடியாது; அலட்சியம் என்று திட்டுவதும் நியாயமில்லை.

‘கார்டை மறக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டினால் போதாதா என்று கேட்கலாம். எப்போதும் அங்கேயே இருக்கும் வாசகத்தைக் கண் விரைவில் பார்க்காமலே கடந்துவிடுகிறது. பிலிப் சங் என்பவருடன் சேர்ந்து பைர்ன் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, தவறு நிகழக்கூடிய அந்தத் தருணத்தில் கண்ணைப் பறிக்கும்படி தோன்றும் குறிப்புதான் பலன் தருகிறது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. வரிசையை மாற்றினால், அடுத்து இருப்பையும் பார்க்க விரும்புகிறவர் கார்டை மறுபடி செருக வேண்டும். ஒருசிலரின் மறதிக்காக எல்லோருக்கும் ஏன் தாமதம்? தாமதம் உண்மைதான். ஆனால் அது சில நொடிகள். கார்டைத் தொலைத்தவர் அதை முடக்கச் சொல்லிவிட்டு, புதியது வரும்வரை நாள்கணக்கில் காத்திருக்கிறார். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

எல்லா இடத்திலும் வரிசையை மாற்ற முடியாது என்பதையும் ஏற்கிறேன். கோப்பு இணைக்காமல் மின்னஞ்சலே அனுப்பக்கூடாது என்று விதிக்க முடியுமா? அதனால்தான் ஜிமெயில், இணைப்பு இருப்பதாக எழுதிவிட்டு இணைக்க மறந்தவரை மட்டும் நிறுத்திக் கேட்கிறது. கடைசிப் படி நழுவும் இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்க, அமைதியான அறையில் நிதானமாக உட்கார்ந்திருப்பவரிடம் சோதித்துப் பயனில்லை. இடுப்பில் குழந்தை, காதில் போன், பின்னால் நீண்ட வரிசை என்று நிற்பவரின் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.